அப்புறம் கொஞ்சம்

மதகின் வலது கல்லில் அடிக்கணக்கு,
இடது கல்லில் மீட்டர்.
இங்கிலீஷ்காரன் நட்டது ஒன்று
பிரெஞ்சுக்காரன் நட்டது ஒன்று.
ஆளுக்கொரு கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள்.
கற்கள் மட்டும் பெண்ணையாற்றுத் தண்ணீரை
இன்னும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மீட்டர் என்பது
மூன்றடி மூன்றங்குலம், அப்புறம் கொஞ்சம்.
நூறு வருஷத்து மனுக்கள் எல்லாம்
அந்த அப்புறம் கொஞ்சத்தில்தான் கிடக்கின்றன.

நான் பாகூர்ப் பக்கம். நீல நோட்டு.
தணிகைமலை தமிழ்நாட்டுப் பக்கம்.
அவருடைய நோட்டுக்குப் பழைய காலண்டரில் அட்டை.
ஆகஸ்ட் பதினாறு எனக்கு லீவு, அவருக்கு இல்லை.
அன்று என் கல்லையும் அவரே குனிந்து பார்ப்பார்.
"லூர்து, உன் கல்லு எண்பத்திரண்டு" என்பார் போனில்.
மீட்டரில் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சம் அவருக்கு,
மாமியார் வீட்டில் சாப்பிடுகிற மாதிரி.

மாசி பிறந்தால் கதை வேறு.
ஏரிக்கு வரவேண்டியது வரவில்லையென்று
எங்கள் ஆட்கள் டிராக்டரில் வந்து இறங்குவார்கள்.
அவர்கள் ஆட்கள் அதற்கு முன்பே வந்து
ஷட்டர் நிழலில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.
அந்த மாதம் முழுக்க
அவர் என்னை மேடம் என்பார்
நான் அவரை சார் என்பேன்.
எங்களுக்குத் தெரிந்த பகை அவ்வளவுதான்.

போன கார்த்திகையில்
மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று
அவர் கூப்பிட்டபோது இரவு ஒன்றே முக்கால்.
மழையில் டார்ச் வெளிச்சம் ஒரு முழத்தோடு நின்றுவிட்டது.
மதகை மூடினால் அத்தனையும் ஆற்றோடு போய்க்
குண்டு உப்பலவாடியில் ஏறும்.
அங்கே என் அக்கா, மூன்று ஆடு, ஓட்டு வீடு.
திறந்தே விட்டால் பாகூர் ஏரிக்கரை தாங்காது.
தணிகைமலைக்குப் பாகூரில் சொந்தமென்று யாருமில்லை.
பைக் மெக்கானிக் ஒருவனுக்கு
முந்நூறு ரூபாய் தரவேண்டும்.

இரண்டு அரசாங்கத்துக்கும் போன் போட்டோம்.
ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
ஒன்று, "உத்தரவு எழுத்தில் வரும்" என்றது.

சக்கரத்துக்கு இரண்டு கைப்பிடி.
ஒரு ஆள் சுற்றினால் அசையாது.
"ஒன்றரை அடி இறக்கலாம்" என்று அவர் கத்தினார்.
"நாற்பத்தஞ்சு சென்டி" என்று நான் கத்தினேன்.
அந்தக் காற்றில்
இரண்டும் ஒரே சொல்லாய்க் கேட்டது.
சுற்றினோம்.
என் வளையல் ஒன்று உடைந்து கிரீஸில் ஒட்டிக்கொண்டது.

விடிந்தது.
ஏரிக்கரை ஓரிடத்தில் கசிந்து, நின்றது.
உப்பலவாடியில் முழங்கால் தண்ணீர்.
அக்காவுக்கு ஒரு ஆடு போயிற்று, சினை ஆடு.
அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.
எவ்வளவு வந்திருக்கும் என்று சொல்ல
என்னிடம் அளவு இல்லை.

தை மாதம் தணிக்கைக் கடிதம் வந்தது,
இருவருக்கும், ஒரே தேதியில்:
அதே இரவு, அதே மதகு.
உங்கள் நோட்டுகளுக்கு இடையே
ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். விளக்கம் தருக.

ஒரே வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்தோம்.
காற்று என்று எழுதி அடித்தோம்.
அலை என்று எழுதி அடித்தோம்.
"யார் யாருக்கு விட்டுக்கொடுத்தது என்று கேட்பார்கள்" என்றேன்.
அவர் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு
இரண்டு கல்லையும் வெகுநேரம் பார்த்தார்.
நடுவில் ஒரு கொக்கு நின்றது,
அரைக்கால் எங்களுடையதில், அரைக்கால் அவர்களுடையதில்.

தாள் இன்னும் முடியவில்லை.
மாசி பிறந்துவிட்டது.
டிராக்டர் சத்தம் தூரத்தில் கேட்கிறது.
"நீங்களே எழுதுங்க, மேடம்" என்கிறார்,
பேனாவை நீட்டியபடி.